மெட்ரோபோலிஸ்: சூப்பர்மேனைத் தத்தெடுத்த ஆற்றங்கரை ஊர்

முதலில் வைத்த சிலையை உள்ளூர்க்காரர்களே சுட்டுப் பார்த்தார்கள். 1986-ல் நிறுத்திய சூப்பர்மேன் அது. ஏழடி உயரம், கண்ணாடியிழை உடம்பு, ஆன செலவு ஆயிரம் டாலர். சூப்பர்மேன் மார்பில் பட்டால் குண்டுதான் நசுங்கும் என்பது காமிக்ஸ் புரட்டிய எந்தப் பொடியனுக்கும் தெரியும். அது மெய்தானா என்று பார்க்க, துப்பாக்கி வைத்திருந்த சிலருக்கு ஆசை வந்துவிட்டது. கண்ணாடியிழை எத்தனை குண்டைத்தான் தாங்கும்? ஊரும் விடுவதாக இல்லை. 1993-ல் வெண்கலத்தில் 15 அடிக்கு இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த முறை செலவு லட்சம் டாலரைத் தாண்டியது. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று வண்ணம் பூசி, இரு கையையும் இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தியபடி இன்றும் நிற்கிறது. நிற்கும் இடம் பொருட்காட்சித் திடலோ பூங்காவோ இல்லை. மாசாக் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்துக்கு நேர் எதிரே, வாய்தாவுக்கு வருகிறவர்கள் கடந்து போகிற இடத்தில்.

ஊரின் பெயர் மெட்ரோபோலிஸ். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், தெற்குக் கோடியில், ஒஹையோ ஆற்றின் கரையில் இருக்கிறது. பெயருக்கு மாநகரம், வசிப்பவர்கள் சுமார் ஆறாயிரம் பேர். இல்லினாய் என்றதும் சிக்காகோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது இங்கிருந்து 600 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் அதைவிட வெகு பக்கம். பேச்சின் இழுப்பு, தட்டில் விழும் பன்றி இறைச்சி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் எல்லாமே தெற்கத்திப் பாணி. இந்த வட்டாரத்துக்குக் ‘குட்டி எகிப்து’ என்று பட்டப்பெயர். கெய்ரோ, தீப்ஸ், கார்னாக் என்று சுற்றிலும் ஊர்கள். பெயர் வைக்கும்போது கை நீளமாக இருந்திருக்கிறது இந்தப் பக்கத்து மக்களுக்கு.

வாரக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு சாலையோர விநோதங்களைத் தேடிப் போவது அமெரிக்கர்களுக்கு நெடுநாள் பழக்கம். ராட்சத நாற்காலி, கட்டட உயரத்துக்கு ஒரு சாஸ் புட்டி, சிமெண்ட் டைனோசர் என்று பட்டியல் முடியாது. பெரும்பாலானவை இறங்கி, படம் எடுத்து, பத்து நிமிடத்தில் கிளம்புகிற சமாச்சாரங்கள். மெட்ரோபோலிஸுக்கும் 24-ஆம் எண் இன்டர்ஸ்டேட் சாலையில் 37-வது வெளிவழியில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். அவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துச் சொல்ல இந்த ஊரில் விஷயம் இருக்கிறது. சிலைக்குப் பின்னால் இருப்பது, பெரிதாகப் பெயர் வைத்துவிட்டு அந்தப் பெயருக்கு ஏற்ற வாழ்வு வராமல் போன கதை.

மூன்று ஆறுகளின் கணக்கு

1839-ல் ஊரை அளந்து மனை பிரித்தபோது இந்தப் பெயரை யாரும் விளையாட்டாக வைக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தால் அவர்கள் கணக்கு புரிகிறது. பிட்ஸ்பர்க்கில் தொடங்கி 1,579 கிலோமீட்டர் ஓடி, கெய்ரோவில் மிசிசிப்பியோடு கலக்கிறது ஒஹையோ. அந்தச் சங்கமத்துக்குச் சற்று முன்னால் கம்பர்லாண்ட் ஆறும் டென்னசி ஆறும் அடுத்தடுத்து இதில் வந்து விழுகின்றன. அவை இரண்டும் சேர்ந்த பிறகு வரும் கரை மெட்ரோபோலிஸ். நீராவிக் கப்பல்தான் ராஜா என்றிருந்த காலத்தில், மூன்று ஆற்றுச் சரக்கும் கண்ணெதிரே போகும் இடத்தில் ஒரு மாநகரம் எழும்பும் என்று நம்பியதில் தவறு சொல்ல முடியாது.

மாநகரம் எழும்பவில்லை. டென்னசி ஆறு கலக்கும் முகத்திலேயே, எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த பதூக்கா வியாபாரத்தை வளைத்துக்கொண்டது. பின்னர் கப்பல் காலம் போய் ரயில் காலம் வந்தது. மெட்ரோபோலிஸில் 1917-ல் கட்டி முடித்த ரயில் பாலம் ஆற்றைக் கடக்க உதவியதே தவிர, ஊரில் நின்று போக யாரையும் வற்புறுத்தவில்லை. அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதன் முக்கியக் கண் ஒன்று மட்டும் 720 அடி நீளம்; அந்த வகை இரும்புச் சட்டப் பாலங்களில் அன்று உலகிலேயே நீளமான கண். கட்டியதில் பெரும்பங்கு போலந்தில் பிறந்த பொறியாளர் ரால்ஃப் மொஜெஸ்கிக்கு. ஃபோர்ட் மாசாக் பூங்கா இருக்கும் பக்கத்திலிருந்து ஆற்றங்கரையோடு நடந்துவந்து அதைப் பார்த்தால், சிலையைவிட இதற்கே கூட்டம் சேர வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் பாலத்துக்கு யார் டி-ஷர்ட் வாங்குவார்கள்?

கண்ணுக்கெதிரே ஓடும் ஆறும் இந்த ஊருக்குச் சொந்தமில்லை. கென்டக்கி 1792-ல் மாநிலமானபோது வட கரையோரம் தண்ணீர் எவ்வளவு தாழ்ந்திருந்ததோ அதுவே எல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் இல்லினாய்க்கும் கென்டக்கிக்கும் இடையிலான வழக்கில் உறுதிப்படுத்தியது. அணைகள் வந்து நீர்மட்டம் உயர்ந்துவிட்டதால் அந்தப் பழைய கோடு இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. இல்லினாய்க் கரையில் தூண்டில் போடுகிறவர் கொஞ்சம் பலமாக வீசினால், மீன் அடுத்த மாநிலத்து மீன்.

நெவாடா மாநிலத்தில் இன்னொரு மெட்ரோபோலிஸ் இருந்தது. 1910 வாக்கில் அணை கட்டி, ஓட்டல் கட்டி, பள்ளிக்கூடம் கட்டி, விவசாயிகளை வரச்சொல்லிக் கூவிக்கூவி மனை விற்றார்கள். அணைத் தண்ணீரை எடுக்கும் உரிமை வழக்கில் போய்விட, கொஞ்சம் கொஞ்சமாக ஊர் காலியானது. இப்போது பள்ளிக்கூடத்தின் செங்கல் வளைவு வாசல் மட்டும் பொட்டல் நடுவே நிற்கிறது. அந்தக் கதி இல்லினாய் ஊருக்கு நேராமல் போனதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, நீலச் சட்டைமேல் சிவப்புப் போர்வை மாட்டியவர்.

130 டாலர் கதாநாயகன்

கிளீவ்லாண்டைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், ஜெர்ரி சீகல் எழுத ஜோ ஷூஸ்டர் வரைய, 1938-ல் சூப்பர்மேன் வெளிவந்தான். பாத்திரத்தின் உரிமைக்கு அவர்களுக்குக் கிடைத்தது 130 டாலர். கதையில் அவன் வாழும் ஊருக்கு மெட்ரோபோலிஸ் என்று பெயர் வந்தது அடுத்த ஆண்டு. அந்தப் பெயருக்கு இல்லினாய் ஊர் காரணம் இல்லை. ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 1927-ஆம் ஆண்டு ஜெர்மன் மௌனப் படம் சீகலின் மனதில் இருந்தது. நகரத்தின் தோற்றத்துக்கு ஷூஸ்டர் தான் பிறந்த டொரொன்டோவை மனதில் வைத்துக்கொண்டார். நாயகன் வேலை பார்த்த பத்திரிகையின் முதல் பெயர்கூட டொரொன்டோ நாளிதழ் ஒன்றை ஒட்டியது. இல்லினாயின் தெற்கே அப்படி ஓர் ஊர் இருப்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கக் காரணமே இல்லை.

பெயர்ப் பொருத்தத்தை ஊர்க்காரர்கள் கையில் எடுத்தது 1970-களின் தொடக்கத்தில். 1972 ஜனவரி 21 அன்று டி.சி. காமிக்ஸ் நிறுவனம் மெட்ரோபோலிஸை சூப்பர்மேனின் சொந்த ஊராக அறிவித்தது. ஜூன் 9-ல் இல்லினாய் சட்டமன்றமும் 572-ஆம் எண் தீர்மானம் போட்டு அதை ஆமோதித்தது. மக்கள் பிரதிநிதிகள் கூடி, கிரிப்டான் கிரகத்தில் பிறந்து கான்சாஸ் வயல்வெளியில் வளர்ந்த ஒருவனுக்கு இல்லினாயில் பூர்வீகம் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் வெளிவரும் பத்திரிகையின் பெயர் ‘மெட்ரோபோலிஸ் பிளானட்’. காமிக்ஸில் அது ‘டெய்லி பிளானட்’, நாளிதழ். ஆறாயிரம் பேர் ஊரில் தினமும் எங்கே செய்திக்குப் போவது? இங்கே அது வார இதழ்.

அறிவிப்போடு ஒரு பெருந்திட்டமும் வந்தது. ‘சூப்பர்மேனின் அற்புத உலகம்’ என்று தீம் பார்க். அதற்கான ஓவியங்களை அன்றைய நட்சத்திரச் சித்திரக்காரர் நீல் ஆடம்ஸ் வரைந்து கொடுத்தார். வருகிறவர்கள் காரிலேயே காலுக்கிடையில் புகுந்து போகும்படி வானளாவிய சிலை ஒன்றும் அந்தக் கனவில் இருந்தது. முன்னோட்டமாக 1973-ல் ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. காரில் வந்து போகிறவர்களை நம்பிப் போட்ட திட்டம் காற்றுப்போன டயராகக் கிடந்தது. கண்காட்சியும் மூடிக்கொண்டது.

இங்கே ஒரு கணக்கை நேர் செய்துவிடுவோம். சட்டமன்றம் தீர்மானம் போட்ட அதே 1972-ல், சூப்பர்மேனைப் படைத்த இருவரின் பெயரும் எந்தச் சூப்பர்மேன் இதழிலும் அச்சாகவில்லை. உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்கள் என்பதால் நிறுவனம் 1940-களின் கடைசியிலேயே பெயர்களை நீக்கிவிட்டிருந்தது. ஷூஸ்டருக்குப் பார்வை மங்கிப்போயிருந்தது. சீகல் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்மேன் சினிமாவாகப்போகிறான் என்ற செய்தி வந்ததும், 1975-ல் சீகல் பத்திரிகைகளுக்கு எழுதிக் குமுறினார். சக ஓவியர்களும் சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், இதழ்களில் மீண்டும் பெயரும் கிடைத்தன. 130 டாலருக்காகத் தந்த பழைய காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தபோது 1,60,000 டாலருக்குப் போனது. அந்தப் பணமும் அவர்களுக்கு இல்லை. இருவரும் 1990-களில் காலமாகிவிட்டார்கள்.

சதுக்கத்தைச் சுற்றி

தீம் பார்க் கவிழ்ந்ததோடு ஊர் இந்த ஆசையை விட்டிருக்கலாம். விடவில்லை. 1978-ல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த படம் வெளியாகி உலகமே பார்த்தது. 1979-ல் ‘சூப்பர்மேன் விழா’ தொடங்கியது. இன்றுவரை ஜூன் மாதம் இரண்டாவது வாரக் கடைசியை ஒட்டி நான்கு நாள் நடக்கிறது. சூப்பர்மேன் படங்களிலும் தொடர்களிலும் நடித்தவர்கள் கையெழுத்துப் போட உட்காருகிறார்கள். ஜூன் வெயிலில் போர்வையும் பூட்ஸுமாக வேஷம் போட்டு வருகிற கூட்டம் தெருவை அடைக்கிறது. அமெரிக்காவின் பெருநகரங்களில் நடக்கும் காமிக்ஸ் மாநாடுகளுக்கு நூற்றுக்கணக்கில் டிக்கெட் விலை. இங்கே தெருவிழாவின் பெரும்பகுதியைச் சும்மாவே சுற்றிப் பார்த்துவிடலாம். வித்தியாசம் அதில் தொடங்குகிறது.

விழா இல்லாத நாளில் போனால், சிலையைச் சாவகாசமாகப் பார்க்கலாம். நம் ஊர் தியேட்டர் வாசல் கட்-அவுட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 15 அடி என்பது ஒரு உயரமே இல்லை. ஆனால் இங்கே சுற்றிலும் இரண்டு மாடிக் கட்டடங்கள். பீடத்தில் உண்மைக்கும் நீதிக்கும் அமெரிக்க வாழ்முறைக்கும் என்ற பழைய முழக்கம் பொறித்திருக்கிறது. அதில் மூன்றாவது விஷயம் முதலில் இல்லாமல், இரண்டாம் உலகப்போர் நேரத்தில் வானொலித் தொடருக்காகச் சேர்ந்தது. 2021-ல் நிறுவனம் அதை எடுத்துவிட்டு மேலான நாளை என்று மாற்றியது. காகிதத்தில் மாற்றியது சுலபம். வெண்கலச் சிலைக்காரர்கள் பழையதோடு இருக்கிறார்கள்.

சிலை வைத்த நேரமும் விசேஷமானது. 1992 நவம்பரில் காமிக்ஸில் சூப்பர்மேனைக் கொன்றுவிட்டார்கள். கறுப்பு உறை போட்டு வந்த அந்த இதழை வாங்கக் கடைவாசலில் கூட்டம் நின்றது. செய்தித்தாள்கள் இரங்கல் குறிப்பு எழுதின. 1993-ல் மெட்ரோபோலிஸ் வெண்கலச் சிலையைத் திறந்தபோது, கதைப்படி அவர் செத்துப் பல மாதம். ஆள் இல்லாத நேரத்தில் சொந்த ஊரில் சிலை வைப்பது உலக வழக்கம்தான். பிறகு அவர் திரும்பி வந்துவிட்டார், அது வேறு.

சில தெரு தள்ளி சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன் நிற்கிறார், இவரும் வெண்கலம். 2010-ல் திறந்தது. முகம் நோயல் நீலுடையது. 1948-ல் திரையரங்கத் தொடர்படத்திலும், பிறகு 1950-களின் தொலைக்காட்சித் தொடரிலும் லோயிஸாக நடித்தவர். விழாவுக்கு வந்து வந்து ஊரோடு ஒட்டிப்போய், சிலைத் திறப்புக்கும் நேரில் வந்து தன் முகத்தைத் தானே பார்த்தார். 2016-ல் இறந்தார். நெடுஞ்சாலைச் சிலைகளில் ஆளின் சாயல் சரியாக வருவது அபூர்வம். இது வந்திருக்கிறது.

சதுக்கத்துக்கு அருகிலேயே 1993-ல் திறந்த ‘சூப்பர் மியூசியம்’. ஒரு சேகரிப்பாளர் சின்ன வயதில் கிடைத்த சூப்பர்மேன் டிபன் பெட்டியில் ஆரம்பித்து, வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை இங்கே கொண்டுவந்து கொட்டினார். பொம்மை, போஸ்டர், சினிமா உடை, விளம்பரப் பொருள் என்று தரையிலிருந்து கூரைவரை. நேர்த்தியான அருங்காட்சியகத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஒரு மனிதர் ஒரே ஒரு பொருளின்மேல் இவ்வளவு காலம் ஆசை வைத்திருக்க முடியுமா என்று வாய் பிளப்பதற்காகப் போக வேண்டும்.

இன்னொரு ராட்சதர் சூப்பர்மேனைவிட உயரம். பெயர் பிக் ஜான். மளிகைக் கடைக்கு வெளியே, ஏப்ரன் கட்டி, இரண்டு கையிலும் சாமான் பைகளை ஏந்திப் புன்னகைக்கும் கண்ணாடியிழைக் கடைப் பையன். 1960-களில் இந்தத் தெற்கு இல்லினாய் வட்டாரத்தில் அதே பெயர்கொண்ட கடைகளின் வாசலில் நின்ற கூட்டத்தில் மிச்சமிருக்கும் சிலரில் ஒருவர். அவர் எந்தக் காமிக்ஸிலும் இல்லை, பறக்கவும் மாட்டார். சாலையோர விநோதத்தின் ஆதி வடிவம் இதுதான் என்பேன். 1956-ல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து, வேகப் பாதைகள் ஊர்களுக்கு வெளியே போக ஆரம்பித்தன. வண்டி ஓட்டுகிறவன் கண்ணைப் பறிக்க, கடைக்காரர்களுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் உயரம். சைலன்சர் கடை வாசலிலும் டயர் கடை வாசலிலும் கலிஃபோர்னியாவில் வார்த்த இருபதடி மனிதர்கள் நின்றார்கள்.

இல்லினாய் மாநிலத்தில் இந்த ஜாதி இன்னும் உயிரோடு இருக்கிறது. காலின்ஸ்வில்லில் 1949-ல் கட்டிய தண்ணீர்த் தொட்டி, சாஸ் புட்டி வடிவில் 170 அடி உயரம். மிசிசிப்பிக் கரையில் ஆல்டன் ஊரில், 272 சென்டிமீட்டர் வளர்ந்து உலகிலேயே உயரமான மனிதர் என்று பதிவான ராபர்ட் வாட்லோவுக்கு ஆளுயரச் சிலை. ஆளுயரம் என்பது இங்கே எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து அயோவாவில், ஒரு சிற்றாற்றங்கரையில் ரிவர்சைட் என்று ஊர். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் அயோவாவில் பிறந்தவர் என்று அதை உருவாக்கியவர் எழுதிவைத்திருந்ததைப் பிடித்துக்கொண்டு, 1985-ல் அந்த ஊர் மன்றம் தன்னை அவரது வருங்காலப் பிறப்பிடமாக அறிவித்துக் கல்லும் நட்டது. பிறக்கப்போவது 2228-ல்.

சுற்றுலா வரைபடத்தில் இல்லாதவை

சிலை, மியூசியம் இரண்டும் வந்த அதே 1993-ல் ஆற்றங்கரையில் சூதாட்டக் கப்பலும் வந்து நின்றது. இல்லினாய் அரசு 1990-ல் இயற்றிய சட்டப்படி அன்று சூதாட்டம் ஆற்றில் மிதக்கும் கப்பலில்தான் நடக்க முடிந்தது. தரையில் ஆடினால் குற்றம், தண்ணீரில் ஆடினால் வருமானம். ஆரம்பத்தில் கப்பல் ஓடியாகவும் வேண்டும் என்றிருந்தது. 1999-ல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். மூன்று ஆற்றுச் சரக்குக் கப்பல்களுக்காகக் காத்திருந்த ஊருக்குக் கடைசியில் வந்த பெரிய கப்பல், எங்கும் போகாத கப்பல்.

ஆனால் ஊரில் நெடுங்காலமாக நல்ல சம்பளம் கொடுத்தது சூதாட்டமும் இல்லை, சூப்பர்மேனும் இல்லை. ஊருக்கு மேற்கே, 45-ஆம் எண் சாலையோரம் இருக்கும் ஆலை. சுரங்கத்திலிருந்து வரும் யுரேனியத் தாதுத் தூளை, செறிவூட்டலுக்கு ஏற்ற யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடாக மாற்றுவது அதன் வேலை. 1950-களின் கடைசியில் தொடங்கியது. அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்யும் ஒரே ஆலை இன்றைக்கு இதுதான். சந்தை படுத்ததால் 2017-ல் நிறுத்தி வைத்தார்கள். அணுமின் எரிபொருளுக்கு மறுபடி கிராக்கி வந்ததும் 2023-ல் ஓடத் தொடங்கியது. ஆற்றுக்கு அக்கரையில் பதூக்காவில் 1952 முதல் 2013 வரை செறிவூட்டல் ஆலையே இருந்தது. கதிர்வீசும் பச்சைக் கல்லைக் கண்டால் சூப்பர்மேனுக்குக் கைகால் ஓடாது என்பது கதை. அவரது சொந்த ஊர் என்று சட்டமன்றம் குறித்துக் கொடுத்த இடத்தில் யுரேனியம் ஆலை. எழுத்தாளர் யாராவது கற்பனை செய்திருந்தால் ரொம்பத்தான் வலிந்து எழுதுகிறார் என்று சொல்லியிருப்போம்.

2010 ஜூனில் ஒப்பந்தப் பேச்சு முறிந்து, தொழிற்சங்கத்தைச் சேர்ந்த இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களை நிர்வாகம் வெளியே நிறுத்திக் கதவடைத்தது. ஓராண்டுக்கு மேல் நீடித்தது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு இரண்டும்தான் முக்கியத் தகராறு. அந்த மாதங்களில் ஆலைக்கு வெளியே தொழிலாளர்கள் சாலையோரம் சிலுவைகளை நட்டு வைத்தார்கள், புற்றுநோயில் போன சக தொழிலாளர்களுக்காக. காரில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்த சாலையோரக் காட்சிகளில் அதையும் சேர்க்க வேண்டும். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அது இடம்பெறாது.

ஊரின் மேசானிக் கல்லறைத் தோட்டத்தில் ராபர்ட் ஸ்ட்ரௌட் கிடக்கிறார். ‘ஆல்கட்ராஸின் பறவை மனிதர்’ என்று உலகம் அறிந்த கைதி. 1909-ல் அலாஸ்காவில் ஒருவரைக் கொன்று உள்ளே போனவர், 1916-ல் சிறைக் காவலரைக் குத்திக் கொன்றார். தூக்குத் தண்டனை கிடைத்தது. இவரது தாய் கெஞ்சிக் கேட்டு, அதிபர் வில்சன் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். லெவன்வொர்த் சிறையில் கேனரிக் குருவிகளை வளர்த்து, அவற்றின் நோய்களைப் பற்றி மருத்துவர்களும் மதிக்கும் அளவுக்குப் புத்தகம் எழுதினார். 1942-ல் ஆல்கட்ராஸுக்கு மாற்றினார்கள்; அங்கே ஒரு குருவி வளர்க்கக்கூட அனுமதியில்லை. பட்டப்பெயர் மட்டும் அந்தச் சிறையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பர்ட் லங்காஸ்டர் நடித்து 1962-ல் வந்த படத்தைப் பார்க்கவும் அவருக்கு வாய்க்கவில்லை. 1963-ல் கைதியாகவே இறந்தார். அம்மா வழிச் சொந்தம் இந்த ஊர் என்பதால் உடல் இங்கே வந்தது. சாதாரணக் கல். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு தேடுகிறவர்கள் இன்னும் இரண்டு பேரைத் தேடாமல் போவது எனக்கு விளங்கவில்லை. ஆனி டர்ன்போ மலோன் மெட்ரோபோலிஸில் பிறந்தவர். அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் மகள். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து, அக்கா வீட்டில் வளர்ந்தார். கறுப்பினப் பெண்களின் தலைமுடிக்கு அன்று கிடைத்த தைலங்கள் முடியையும் தோலையும் கெடுத்தன. பள்ளியில் படித்த வேதியியலை வைத்துத் தானே ஒன்றைத் தயாரித்து, வீடு வீடாகத் தட்டி விற்றார். செயின்ட் லூயிஸில் 1918-ல் ‘போரோ’ என்ற பெயரில் ஆலையும் பயிற்சிக் கல்லூரியும் அரங்கமும் சேர்ந்த வளாகத்தைக் கட்டினார். கறுப்பினத் தொழிலதிபர்களில் பெரும்புகழ் அடைந்த மேடம் சி. ஜே. வாக்கர், இவரிடம் விற்பனை முகவராக வேலை பார்த்தவர்.

மற்றவர் ஆஸ்கர் மிஷோ. 1884-ல் மெட்ரோபோலிஸை ஒட்டிய பண்ணையில் பிறந்தார். அப்பா கென்டக்கியில் அடிமையாக இருந்தவர். ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாள், தெற்கு டகோட்டாவில் விவசாயி, பிறகு நாவலாசிரியர். தன் நாவலைப் படமாக்க வந்தவர்களோடு உடன்பாடு வராமல் போக, தானே இயக்கி 1919-ல் வெளியிட்டார். கறுப்பினத்தவர் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று திரை வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான். அடுத்த முப்பது ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். ஹாலிவுட் பக்கமே போகாமல், படச்சுருளைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தியேட்டர்காரர்களிடம் நேரடியாகப் பேரம் பேசினார். வெற்றுக் கையால் ஒரு தொழிலையே தூக்கி நிறுத்திய இந்த இரண்டு பேரும் மெட்ரோபோலிஸின் மெய்யான பிள்ளைகள். சதுக்கத்தின் 15 அடியில் நிற்க இவர்களுக்கும் தகுதி உண்டு என்று ஊர் நினைக்கிறதா என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்தால் ஃபோர்ட் மாசாக். பிரெஞ்சுக்காரர்கள் 1757-ல் போட்ட கோட்டை. அமெரிக்கர்கள் 1794-ல் மீண்டும் கட்டினார்கள். மேற்கு நோக்கிய பெரும்பயணத்துக்கு ஆள் சேர்க்க லூயிஸும் கிளார்க்கும் 1803 நவம்பரில் இங்கே நின்று போனார்கள். 1908-ல் இல்லினாயின் முதல் மாநிலப் பூங்காவானது. இப்போது இருப்பது மரத்தால் அமைத்த மறுவடிவம். அக்டோபரில் பழைய ராணுவ உடையில் கூடாரமடித்துப் பீரங்கி வெடிப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஜூன் விழாவைவிட அதைத் தேர்வு செய்யலாம், வெயில் குறைவு.

நேரம் இருந்தால் இன்னும் கிழக்கே, புரூக்போர்ட் தாண்டி வயல்களுக்கு நடுவே கின்கேய்ட் மேடுகளுக்குப் போய்விட வேண்டும். கி.பி. 1050 முதல் 1400 வரை மிசிசிப்பிப் பண்பாட்டு மக்கள் வாழ்ந்த பட்டணம் இது. கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி எழுப்பிய மேடுகள், நடுவில் பொது வெளி, சுற்றிலும் மரவேலி. சிக்காகோ பல்கலைக்கழகம் 1934-ல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. அமெரிக்கத் தொல்லியலில் ஒரு தலைமுறையே இந்த வயலில் தொழில் கற்றது. மெட்ரோபோலிஸ் என்ற பெயருக்கு இந்த ஆற்றுக்கரையில் ஒரு காலத்தில் உண்மையாகவே பொருத்தமாக இருந்த இடம் இதுதான். சாலையோரத்தில் பார்வை மேடையும் விளக்கப் பலகைகளும் உண்டு. கடை கிடையாது, தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

திரும்பும்போது வந்த வழியே வராமல் புரூக்போர்ட்டிலிருந்து பதூக்காவுக்குப் போகும் பழைய பாலத்தில் ஏறுங்கள். 1929-ல் திறந்த இரும்புப் பாலம், இரண்டே தடம், தரை முழுக்க இரும்புக் கிராதி. டயர் ஏறியதும் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைச்சல் கிளம்பும். ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தால் கிராதி ஓட்டையில் ஒஹையோ தெரியும். எதிரே வரும் வண்டியின் பக்கக் கண்ணாடி நம் கண்ணாடியை உரசப்போகிறது என்றே தோன்றும். அகலமான வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் உரசாது. ஓட்டுகிறவர் ஆற்றைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தால் போதும்.